முன்கூட்டியே ஒரு நன்றி

தன் சங்கத்தின் கருமாதிக்குத் தானே பத்திரிகை அடித்து, அதையும் ஆள் உயரத்துக்குக் கலரில் ஃப்ளெக்ஸ் போட்டு, வருகிறவர் போகிறவர் எல்லாம் படிக்கும்படி கல்யாண மண்டப வாசலில் கட்டிவைத்த ஆள் இந்தப் பூமியில் டில்லிபாபு ஒருவராகத்தான் இருக்க முடியும். கட்டியதோடு விட்டாரா? காற்றில் ஒரு மூலை அவிழ்ந்து படபடத்தபோது, ஏணி வைத்து ஏறி இன்னொரு முறை இறுக்கிக் கட்டினார். அந்த ஏணியிலிருந்து விழுந்து தொலைந்திருக்கலாம் என்று பிறகு அவரே பல தடவை சொன்னார். "காலு போயிருக்கும். நம்ப சங்கத்துலயே நானும் ஒரு மெம்பரா சேந்திருப்பேன்."

பேனரில் இருந்தது இதுதான்: 'மறுசீரமைப்பு செய்து எங்கள் குழந்தைகளின் வாழ்வில் ஒளியேற்றும் தேசியத் தன்னார்வத் துணை மையத்துக்கு நெஞ்சார்ந்த நன்றி! இவண், அரும்பு மாற்றுத்திறன் குழந்தைகள் நலச் சங்கம், வெள்ளானூர்.' கீழே கூப்பிய கைகளோடு செயலாளர் டில்லிபாபு. மச்சினன் கல்யாணத்தில் எடுத்த படம். பக்கத்தில் நின்ற மனைவி ரேணுகாவைக் கம்ப்யூட்டரில் வெட்டிவிட்டிருந்தார்கள். ஆனாலும் அவளுடைய விரல்கள் மட்டும் அவர் தோளில் மிச்சமாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறவர்களுக்கு அந்தப் பக்கத்து வேலைமுறை தெரியாது. ஆவடிக்கும் வெள்ளானூருக்கும் நடுவில் ஒரு காரியம் ஆகவேண்டுமென்றால் மனு கொடுத்துப் பயனில்லை. வாங்கி மேசைக்குள் போட்டுக்கொள்வார்கள். காரியம் நடப்பதற்கு முன்பே, நடந்துவிட்டதாக நன்றி சொல்லிவிட வேண்டும். தெருவிளக்கு எரியவில்லையா? 'ஒளி தந்த வள்ளலே' என்று அதே கம்பத்தில் ஒரு பேனர். சம்பந்தப்பட்டவர் அந்த வழியாகப் போகும்போது கீழே தன் பெயரைப் பார்ப்பார், மேலே எரியாத விளக்கைப் பார்ப்பார், கூட வருகிறவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதையும் பார்ப்பார். அந்த வாரமே விளக்கு எரியும். இந்த வழியில் டில்லிபாபு ஊருக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு வேகத்தடை, சுடுகாட்டுக்கு ஒரு கூரை எல்லாம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

"கடனுக்கு மளிக சாமான் வாங்குறவன பாத்திருப்ப. கடனுக்கு நன்றி சொல்லி ரோடு வாங்குனவன் நான் ஒருத்தன்தான்" என்று மைக்கிலேயே பீற்றிக்கொள்வார்.

இந்த வித்தைக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. எதிராளிக்குக் கொஞ்சமாவது வெட்கம் இருக்கவேண்டும். அதை அவர் யோசிக்கவில்லை.

டில்லிபாபு ஆவடித் தொழிற்சாலையில் லேத் ஓட்டி, விருப்ப ஓய்வு வாங்கியவர். யூனியன் ஆண்டுவிழா, காதுகுத்து, கல்யாண வரவேற்பு என்று எங்கே மைக் இருக்கிறதோ அங்கே அவர் இருப்பார். அரும்பு சங்கத்தின் குழந்தைகள் தின விழாவுக்கு ஜோக்கடிக்க வந்தவரை, குழந்தைகள் சிரித்த சிரிப்பைப் பார்த்துத் தாய்மார்கள் செயலாளராக்கிவிட்டார்கள். "மைக்க குடுத்து கைய கட்டிட்டாங்க" என்பார். அதைச் சொல்லும்போது குரல் சற்றுக் கரகரக்கும். சளி என்று சமாளிப்பார்.

சங்கம் என்று பெயரே தவிர, அதற்குச் சொந்தமாக ஒரு நாற்காலி கிடையாது. சமுதாயக்கூடம் ஊருடையது. பாய்கள் தாய்மார்கள் கொண்டுவருவது. மிச்சம் எல்லாவற்றையும் அந்தத் துணை மையம்தான் பார்த்துக்கொண்டது. நாடு முழுக்க இருக்கும் இந்த மாதிரிக் குட்டிச் சங்கங்களுக்குக் கைகொடுப்பதற்கென்றே அதை வைத்திருந்தார்கள். பதிவைப் புதுப்பிப்பது எப்படி, தணிக்கைக்குத் தயாராவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பார்கள். தனியாக வைத்துக்கொள்ள எந்தச் சங்கத்துக்கும் வக்கில்லாத ஆட்களையும் சாமான்களையும் பொதுவில் வைத்து, ஆளுக்கொரு நாள் என்று சுற்றுக்கு விடுவார்கள். அதன் அம்பத்தூர்க் கிளை தொழிற்பேட்டையில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கிளை அலுவலர் அசோக். அப்பா விருதுநகரிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். பையன் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். டில்லிபாபுவை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவான்.

வெள்ளானூருக்கு வியாழக்கிழமை. வெள்ளை வேன் ஒன்று சமுதாயக்கூடத்து வாசலில் வந்து நிற்கும். மைதிலி இறங்குவாள். பிசியோதெரபி படித்த பெண். பின்கதவைத் திறந்து, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடக்கும் கம்பிகளை இறக்கிப் பூட்டுவாள். பிறகு ஒவ்வொரு குழந்தையாக.

அந்தக் குழந்தைகளில் தீபிகாவும் ஒருத்தி. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் இரண்டு கால்களும் விறைத்துப்போனவள். அவளை நடக்கவைக்க மைதிலி கண்டுபிடித்த மருந்து டில்லிபாபுவின் வழுக்கைத் தலை. கம்பிகளுக்கு நடுவே, அவளுக்கு எதிரில் அவர் குனிந்து நிற்கவேண்டும். தீபிகா பிடித்துப் பிடித்து வந்து, ஒரு கையை விட்டு, அந்தத் தலையில் பளாரென்று ஒரு தட்டுத் தட்டவேண்டும். தட்டிவிட்டு அவள் சிரிக்கும்போது மைதிலி மெதுவாகச் சொல்வாள்: "சார், அடுத்த வாரம் ஒரு எட்டு பின்னாடி தள்ளி நில்லுங்க." அப்படியே வாராவாரம் அந்தத் தலை பின்னால் போய்க்கொண்டிருந்தது. கம்பி முடிகிற இடத்துக்குத் தலை வந்துசேர்ந்த சமயத்தில்தான் சுற்றறிக்கை வந்தது.

மூன்று தேசிய அமைப்புகளை ஒன்றாக இணைக்கிறார்களாம். கிளைகள் மண்டலங்கள் ஆகுமாம். சேவைகள் 'பயனர் மையத் தளத்துக்கு' மாறுமாம். இதை விளக்க ஒருவர் வந்து எல்லாச் சங்கங்களுக்கும் கூட்டம் போடுவாராம். டில்லிபாபு இரண்டு முறை படித்தார். ஒன்றும் விளங்கவில்லை. தன் படிப்பின் குறை என்று நினைத்து அசோக்குக்குப் போன் போட்டார்.

"இது நல்லதா கெட்டதா தம்பி?"

"நல்லதுக்குத்தான்னு சொல்றாங்கண்ணே."

'சொல்றாங்க' என்று சொல்கிறானே என்று அப்போதே காதில் விழுந்திருக்கவேண்டும். விழவில்லை. நல்லது செய்யப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே நன்றி சொல்லி ஆணியடித்துவிட வேண்டியதுதான் என்று நேரே ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனார்.

தீபிகாவின் அம்மா கண்ணம்மா அம்பத்தூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறாள். எல்லோருக்கும் ஞாயிறு லீவு. இவள் சூப்பர்வைசர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி வியாழக்கிழமை லீவை வாங்கிவைத்திருந்தாள். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு அவள் டில்லிபாபு வீட்டு வாசலில் வந்து நின்றாள். வேலூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் தீபிகாவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அம்மாவும் கூடவே தங்கவேண்டும். மாதக்கணக்கில் ஆகும். போனால் வேலை போய்விடும். இங்கே பள்ளிக்கூடம் போகிற பெரியவளை யார் வீட்டிலாவது விடவேண்டும். மாதக் கடைசிச் சனிக்கிழமைக்குள் வருகிறோம், இல்லை என்று சொல்லிவிடவேண்டும். சொல்லாவிட்டால் அந்த இடம் அடுத்த குழந்தைக்கு.

"நம்ப வண்டி வரும்னா நான் எங்கியும் போவலண்ணா. வராதுன்னா இப்பவே மூட்ட கட்றேன். நடுவுல வுட்டா கொயந்தைக்கு நரம்பு இய்த்துக்கும், மைதிலி மேடமே சொல்லிக்கீது. வரும், வராது. ரெண்டுல ஒண்ணு கேட்டு சொல்லு. எனக்கு அவ்ளோதான் வோணும்."

"இது ஒரு மேட்டராம்மா? வர்றவருகிட்ட மைக்லயே கேட்டு வாங்கித் தர்றேன்" என்றார் டில்லிபாபு.

கூட்டம் சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஆவடி, திருவேற்காடு, பூந்தமல்லிப் பக்கத்துச் சங்கங்கள் எல்லாம் வந்திருந்தன. பெங்களூரிலிருந்து காரில் வந்து இறங்கினார் மறுசீரமைப்பு ஆலோசகர் கோகுல்நாத். நல்ல உயரம், வெள்ளை ஷூ, சிரித்த முகம். வாசலில் பேனரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.  'மாட்டினார்யா' என்று டில்லிபாபு நினைத்துக்கொண்டார். கோகுல்நாத் போனை எடுத்தார். பேனரை நேராக ஒன்று, சாய்வாக ஒன்று, தானும் சேர்ந்து ஒன்று என்று படம் எடுத்துக்கொண்டார்.

"இதுதான் சார் க்ராஸ்ரூட் எனர்ஜி" என்று டில்லிபாபுவின் தோளைத் தட்டினார். ரேணுகாவின் விரல்கள் இருந்த அதே இடத்தில்.

மேடையில் டில்லிபாபு சால்வை போர்த்தினார். அசோக் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். அவன் யார் முகத்தையும் பார்க்காததை, கூச்சம் என்று டில்லிபாபு எடுத்துக்கொண்டார். பிறகு திரையில் படங்கள் ஓடின. வட்டங்கள், வட்டத்துக்குள் வட்டங்கள், அவற்றிலிருந்து கிளம்பி எங்கேயும் போய்ச் சேராத அம்புக்குறிகள். திறன் செறிவூட்டல் என்றார். சூழல் ஒருங்கிணைவு என்றார். பழைய எண்ணெயில் மறுபடி மறுபடி பொரித்த பஜ்ஜிபோல ஒவ்வொரு சொல்லும் பளபளப்பாக இருந்தது; ஒன்றும் தொண்டையில் இறங்கவில்லை.

டில்லிபாபு மைக்கைப் பிடித்தார். "சார், தமாஷ் பண்றவன் நான், ஆனா இது தமாஷ் இல்ல. ஒரே கேள்வி. வியாழக்கிழம வண்டி தொடர்ந்து வருமா?"

கோகுல்நாத்தின் முகம் மலர்ந்தது. "ரொம்ப ரொம்ப முக்கியமான கேள்வி. சாருக்கு ஒரு கைத்தட்டு குடுக்கலாமா?"

கொடுத்தார்கள். வெட்கக்கேடு, டில்லிபாபுவும் தட்டினார்.

"நாம இதை ஒரு வண்டியா மட்டும் பார்க்கக்கூடாது. ஒரு பயணமா பார்க்கணும்."

"அந்தப் பயணத்துக்குதான் சார் வண்டி கேக்குறோம்" என்று பின்வரிசையிலிருந்து கண்ணம்மா சொன்னாள். மண்டபமே சிரித்தது. கோகுல்நாத்தும் சிரித்தார். "லவ்லி" என்றார். பதில் மட்டும் வரவில்லை.

அதற்குப் பதிலாகக் கலர் காகிதங்கள் வந்தன. சுவரில் ஒரு பெரிய மரத்தை வரைந்து ஒட்டியிருந்தார்கள். கனவு மரமாம். எல்லோரும் தங்கள் எதிர்பார்ப்பை எழுதி இலைபோல ஒட்டவேண்டும். வயது வந்த மனிதர்கள், வீட்டில் படுத்துக்கிடக்கிற பிள்ளையை விட்டுவிட்டு வந்தவர்கள், டப்பாவில் இருந்த பசையைத் தொட்டுத் தொட்டு இலை ஒட்டினார்கள். கண்ணம்மா தீபிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டே 'வண்டி வருமா' என்று எழுதி ஒட்டினாள். கோகுல்நாத்துடன் வந்த பெண் ஒருத்தி இலைகளை வகைபிரித்தாள். கண்ணம்மாவின் இலையைப் பிய்த்து, 'போக்குவரத்து, சாலை வசதி' என்ற கிளையில், மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய பள்ளத்தை மூடச்சொல்லி யாரோ எழுதிய இலைக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

டில்லிபாபு அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். தட்டில் பிரியாணி இருந்தது. ஓசிச் சாப்பாட்டை அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கீழே வைத்தார். 

அடுத்த வியாழக்கிழமை தாய்மார்கள் குழந்தைகளைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்து பாயில் உட்காரவைத்தார்கள். வெயில் ஏறி வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. வேன் வரவில்லை. மைதிலியின் போன் அணைந்திருந்தது. டில்லிபாபு அசோக்கைப் போனில் பிடித்தார்.

"ப்ராசஸ்ல இருக்குண்ணே."

"ப்ராசஸ்னா? கெளம்பிட்டுதா, கெளம்பலியா?"

"மாற்றம் நடக்கிற நேரம்ண்ணே. கொஞ்சம் பொறுத்துக்குங்க. புதுசா ஒரு செயலி குடுத்திருக்காங்க. உறுதுணைன்னு பேரு. அதுல பதிவு பண்ணுங்களேன்."

அதற்கடுத்த வியாழனும் அப்படியே. இந்த முறை கண்ணம்மா பவுடர் போடவில்லை. வீட்டில் கால் பயிற்சியைத் தானே செய்துபார்த்தாளாம். "எவ்ளோ இய்க்கணும்னு என் கைக்கு தெரிலண்ணா. அது வலில கத்துது, நான் வுட்டுடறேன். வுட்டா வெறச்சிக்குது." தீபிகா பாயில் உட்கார்ந்தபடியே டில்லிபாபுவின் தலையை நோக்கிக் கையை நீட்டினாள். அவர் போய்க் குனிந்தார். எட்டாத தூரத்தில் குனியவேண்டிய தலையை, கைக்கு எட்டும்படி கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் தட்டினாள். யாரும் சிரிக்கவில்லை.

உறுதுணைச் செயலியில் இருந்த உதவி எண்ணுக்குப் போன் செய்தார். திறன் வளர்ச்சிக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. தலைமைப் பண்புக்கு இரண்டை. வெற்றிக் கதைகளைப் பகிர மூன்றை. வண்டிக்கு எண்ணே இல்லை. அவர் எல்லாவற்றையும் மாற்றி மாற்றி அழுத்தியதில் யாரோ ஒரு பெண் தெரியாமல் எடுத்துவிட்டதுபோல எடுத்தாள்.

"வணக்கம் சார், நான் நிஷா பேசறேன். உங்க சங்கத்தோட வளர்ச்சிப் பாதையில நான் எப்படி உதவலாம்?"

"வெள்ளானூருக்கு வியாழக்கிழம வண்டி வருமாம்மா?"

"உங்க கவலை எனக்குப் புரியுது சார்."

"புரிஞ்சா சந்தோசம். வருமா?"

"உங்க கவலைய பதிவு பண்ணிக்கறேன் சார்."

"அம்மாடி, நீ எங்க கீற?"

"நொய்டா சார்."

"சொந்த ஊரு?"

"…ஆம்பூர்."

"சாப்ட்டியா?"

 திரையில் எழுதியிருப்பதைப் படிக்காத சொந்தக் குரலில், "இன்னும் இல்ல சார்" என்றாள். கத்துவதற்காக மூச்சைப் பிடித்துவைத்திருந்த டில்லிபாபு, "போயி சாப்டும்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். உடனே போனில் ஒரு செய்தி: 'உங்கள் கேள்வி வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?' குறைத்துப் போட்டால் அந்தப் பெண்ணின் வேலைக்கு உலைவைத்துவிடுவார்களோ என்று பயந்து, ஐந்தையும் அழுத்தினார்.

அந்த ஐந்து நட்சத்திரமும் வீண்போகவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாச் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுவிலும் ஓர் அறிக்கை வந்து விழுந்தது. 'மறுசீரமைப்பு: களத்தின் குரல்.' அட்டையில் அவருடைய பேனர். கூப்பிய கைகள், வழுக்கைத் தலை, தோளில் யாருடையது என்று தெரியாத விரல்கள். உள்ளே, 'கள அமைப்புகள் இம்மாற்றத்தைத் தன்னெழுச்சியாக வரவேற்றன' என்று ஒரு வரி. 'வெள்ளானூரிலிருந்து வந்த பயனாளிக் கருத்து: முழுத் திருப்தி' என்று இன்னொன்று.

ரேணுகா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "இன்னாய்யா, சினிமா போஸ்டர் கணக்கா கீற. என் வெரலுக்கு மட்டும் நன்றி போடல?"

"சும்மா இரு ரேணு."

"நான் இன்னாத்துக்கு சும்மா இருக்கணும்? புள்ளைங்க வண்டிய தூக்குனவனுக்கு சால்வ போத்துன ஆளு நீ. தோ, ஊருக்கே அனுப்பிகீறாங்க." சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினாள். "சாப்புடு, வா."

"வேணாம். கலீஜா கீது."

"கொழம்பா?"

"நான்."

வழக்கமாக இப்படி எதையாவது சொன்னால் அடுத்து ஒரு ஜோக் வரும். ரேணுகா காத்திருந்தாள். வரவில்லை. அவர் அட்டைப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் முகத்தையே. அந்தக் கூப்பிய கைகளும் அந்த இளிப்பும் அவருக்குத் தாங்கவில்லை. கோகுல்நாத்தாவது கூலி வாங்கிக்கொண்டு செய்தான். இந்த ஆள் சொந்தச் செலவில் ஃப்ளெக்ஸ் போட்டிருக்கிறான்.

அந்த நேரத்தில் கண்ணம்மா போன் செய்தாள். அழவில்லை, கத்தவில்லை. "நாளிக்கி சனிக்கெயம. வேலூர்ல மூணு மணி வரைக்கும் ஆபீஸு. நான் இன்னா சொல்லட்டும்?"

"இவங்க எவனும் வாய தொறந்து சொல்ல மாட்டன்றானுங்கம்மா."

"அவங்க சொல்லலன்னா நீ சொல்லு. உனுக்கு இன்னா தோணுது?"

டில்லிபாபுவின் வாயில் 'பாப்போம்' என்ற சொல் வந்து நின்றது. அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. இரண்டு வாரமாக எல்லோரும் அவர் வாயில் திணித்த அதே சவசவப்பை அவர் அவளுக்கு ஊட்டப் பார்க்கிறார். "காலைல சொல்றேன்" என்று மட்டும் சொன்னார்.

காலையில் ஆவடியிலிருந்து பஸ் ஏறி அம்பத்தூரில் இறங்கி, தொழிற்பேட்டைக்குள் வேகமாக நடந்தார். டயர் கடை வாசலில் ஒரு குட்டியானை வண்டி நின்றது. மாடியிலிருந்து மேசை, பீரோ, மின்விசிறி என்று இறங்கிக்கொண்டிருந்தன. நடைக்கம்பிகள் ஏற்கெனவே வண்டிக்குள் கிடந்தன, பழைய பெயர்ப்பலகைக்கு அடியில். ஒரு கம்பியில் குழந்தைகள் பிடித்துப் பிடித்துப் பெயின்ட் போய்ப் பளபளவென்று இருந்தது.

அசோக் கீழே நின்று ஆட்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான்.

"மணியே அடிக்கல தம்பி. கீழ வை."

வைத்தான். "வாங்கண்ணே. டீ சொல்லட்டுமா?"

"கம்பி எங்க போவுது?"

"மண்டலத்துக்குத் திரும்ப ஒப்படைக்கிறோம்ண்ணே. அங்கேருந்து மறுபங்கீடு…"

"தமிழ்ல பேசு."

"அது மேல எடுக்கிற முடிவுண்ணே. என் கையில…"

"அசோக்கு." டில்லிபாபு வண்டியின் பின்பக்கத்தில் கைவைத்தார். கூட்டத்தில் மைக் பிடித்த குரல் எங்கேயோ போயிருந்தது. "உன்ன நான் டவுசர் போட்ட காலத்துலேந்து பாத்துகினு கீறேன். உங்கப்பா ரிட்டையர்மெண்ட்டுக்கு நான்தான் மைக் புடிச்சேன். அந்தாளு எதையும் சுத்தி வளைச்சு பேசி நான் கேட்டதில்ல. நீ பேசுறத கேட்டா எனக்கு வாந்தி வருது. சத்தியமா. உன்ன பாத்து மட்டும் இல்ல. என்ன நெனச்சாலும்தான். அந்த அட்டையில இளிச்சுகினு நிக்குறது நான். வண்டிய நிறுத்துனது என் பேனரா? அதையாவது சொல்லு."

"அப்படியெல்லாம் ஒரே வார்த்தையில சொல்ல முடியாதுண்ணே."

"கண்ணம்மா ஒரே வார்த்ததான் கேட்டா. வேலய வுடணுமா, பெரிய பொண்ண பிரிஞ்சு போணுமா, இல்ல இங்கியே இருந்துக்கலாமான்னு அவ இன்னிக்கி மூணு மணிக்குள்ள சொல்லணும். நீ ப்ராசஸ், ப்ராசஸ்னு சொன்னதுல ரெண்டு வாரம் போச்சு. அந்தப் புள்ள காலு இய்த்துகினு கெடக்குது. நீ தப்பான பதில சொன்னாகூட நான் உன்ன திட்ட மாட்டேன்டா. பதில சொல்லு."

மேலேயிருந்து யாரோ "சார், இந்தப் போர்டு போகுதா, இருக்குதா?" என்று கேட்டார்கள்.  அசோக் வண்டிக்குள் கிடந்த கம்பியைப் பார்த்தான். பிறகு கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி, சட்டைப் பைக்குள் திணித்தான்.

"வராதுண்ணே" என்றான். "அடுத்த வாரமும் வராது, எந்த வாரமும் வராது. வண்டிய ஏலம் விட்டாச்சு. மைதிலிய வேலைய விட்டு அனுப்பியாச்சு. நீங்க பேனர் கட்டுறதுக்கு ரொம்ப முன்னாடியே கையெழுத்தாயிருச்சு. கருத்து கேட்டோம்னு காட்டுறதுக்குத்தான் அந்தக் கூட்டம். நீங்க கட்டலைன்னாலும் மூடியிருப்பாங்க. கட்டுனதால அவங்களுக்கு அட்டைக்கு ஒரு படம் கெடச்சுது, அவ்வளவுதான். எனக்கு எல்லாம் தெரியும்ண்ணே. தெரிஞ்சுதான் தட்டப் புடிச்சுக்கிட்டு உங்க பக்கத்துல நின்னேன். கண்ணம்மாவ வேலூருக்கு வர்றேன்னு சொல்லச் சொல்லுங்க. இப்பவே போன் போடுங்க."